உலமிலா போட்ட சத்தம்

உலமிலா தன் அண்ணனைப் பார்த்து நேருக்கு நேர் வாய் திறந்துவிட்டாள் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதற்காகத் திறந்தாள், அதற்கு முன்னால் யார் யார் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் பேச மாட்டார்கள். மூடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தன். எனக்கு எழுபத்தொன்று ஆகிவிட்டது. இனி யாருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? சொல்லிவிடுகிறேன்.

உலமிலா எனக்கு மாமன் மகள். அவள் அப்பா வைசேயாவும் என் அம்மா வாசேமாதாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வைசேயா மாமாவுக்குப் பிறந்தது ஐந்து, தங்கியது இரண்டு. மூத்தவன் பெதேலி. அவனுக்கு நாலு வயது இளையவள் உலமிலா. மாமா போன பிறகு பெதேலிதான் அந்தக் குடும்பத்துக்குத் தலைவன். பதினெட்டு வீட்டு ஆண்கள் அவன் உட்கார்ந்தால் உட்காருவார்கள், எழுந்தால் எழுவார்கள்.

எங்கள் பக்கத்தில் அண்ணனும் தங்கையும் தலை நிமிர்ந்த வயதுக்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. பகை இல்லை, மரியாதை. பேர் சொல்லக்கூடாது. அவன் உட்கார்ந்திருக்கும்போது இவள் நிற்கக்கூடாது. தலையைத் தொடுவது என்பது நினைப்பிலேயே வரக்கூடாது. பிஜியின் மற்ற பக்கங்களில் இதெல்லாம் தளர்ந்துபோனது. எங்கள் நாவுனிவாவு கரையில் தளரவில்லை. உலமிலாவுக்குப் பன்னிரண்டு வயதில் நின்ற பேச்சு நின்றதுதான்.

ஆனால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. அண்ணன் கேட்கவேண்டியதைக் கோழியிடம் சொல்வாள். "ஏ கோழி, அந்த வீட்டுக் கூரைல ஓட்டை விழுந்து ஒரு வாரம் ஆச்சு. மழை வந்தா நீயா போய் அடைக்கப்போற?" பெதேலி உள்ளே இருந்து இருமுவான். மறுநாள் கூரை அடைபட்டிருக்கும். கோழியிடம் சொல்லமுடியாத விஷயம் என்றால் என்னைக் கூப்பிடுவாள். மாமன் மகள், அத்தை மகன் உறவுக்குள் எதையும் பேசலாம், எப்படியும் கேலி செய்யலாம். அவள் சொல்வதை நான் பத்தடி நடந்து போய் அவனிடம் சொல்வேன். நாற்பத்து நாலு வருஷம், அவள் ஊரில் இருந்தபோதெல்லாம், அவளுடைய வாய் நான்தான்.

அவளைக் கண்டாவு தீவில் ஒருத்தனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பதினொரு வருஷம் வாழ்ந்தாள். அவன் முத்துச்சிப்பிக்கு முங்கப் போய்த் திரும்பி வரவில்லை. புருஷன் வீட்டார் நல்லவர்கள். ஒரு திமிங்கலப் பல்லைக் கையில் கொடுத்து, "நீ உன் பிறந்த மண்ணுக்குப் போகலாம், எங்களுக்கு வருத்தம் இல்லை" என்று அனுப்பினார்கள். எங்களுக்கு அந்தப் பல்லைவிடப் பெரிய பொருள் கிடையாது. பெண் கேட்கவும் பல், சாவுக்கும் பல், மன்னிப்புக்கும் பல். ஒருத்தன் நீட்டிய பல்லைக் கையில் வாங்கிவிட்டால், அவன் கேட்டதற்குச் சம்மதித்தாயிற்று. பிறகு மறுப்பவன் மனுஷனே இல்லை.

அந்தப் பல்லையும் ஒன்பது வயது மகன் இசிகேலியையும் கூட்டிக்கொண்டு உலமிலா படகில் வந்து இறங்கினாள். அண்ணன் அவளுக்குத் தன் வீட்டை ஒட்டியே ஒரு வீடு போட்டுக் கொடுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. மரத்தை வெட்டி, சுமந்து, நட்டுவிட்டுப் போனான்.

பிறகு நவுசோரியில் ஆறு வாரம் படித்து ஊர் நர்ஸ் ஆனாள். பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஒரு தகரப் பெட்டி, அதில் காய்ச்சல் மாத்திரை, பஞ்சு, மருந்துத் துணி, குழந்தை நிறுக்கும் தராசு. சர்க்கரை வியாதிக்காரன் டீயில் மூணு கரண்டி போட்டால் வீட்டுக்குள் புகுந்து கோப்பையைப் பிடுங்கிக் கொட்டுவாள். படகிலேயே மூன்று பிரசவம் பார்த்தவள். ஊரில் அவள் கை படாத உடம்பு ஒன்றே ஒன்றுதான். அது அவள் அண்ணன் உடம்பு. ஒருமுறை பெதேலி தோட்டத்தில் கத்தியால் கெண்டைக்காலை வெட்டிக்கொண்டான். இவள் சுவருக்கு வெளியே நின்றுகொண்டு, "மச்சான், உப்புத் தண்ணி விட்டுக் கழுவு. இன்னும் இறுக்கிக் கட்டு. என்ன, கொழுக்கட்டையா கட்டற? இறுக்கு!" என்று கத்தினாள். நான் உள்ளே கட்டினேன். காயம் ஆறியது. ஆனால் வடு கோணல். பெதேலி அதைக் காட்டி, "இது என் மச்சான் எம்பிராய்டரி" என்பான்.

இனி இசிகேலிக்கு வருகிறேன். வயிறு எரிகிறது, இருந்தாலும் சொல்லத்தானே வேண்டும்.

தங்கை மகன் என்றால் எங்களிடம் ராஜா. தாய்மாமன் வீட்டில் எதைக் கை காட்டினாலும் அது அவனுடையது. மாமன் முகம் சுளிக்கக்கூடாது. பன்றியைப் பிடித்துக் கட்டிக்கொண்டு போனாலும் சிரிக்கவேண்டும். சின்ன வயதில் இசிகேலி மாமனின் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவான். கை முழங்கால்வரை தொங்கும். பெதேலி அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பான். அவனுக்கு இரண்டு பெண்கள், கட்டிக்கொடுத்தாயிற்று. மருமகன்தான் மகன்.

பையன் கெட்டிக்காரன். நாந்தியில் பெரிய ஓட்டலில் வேலை, காதில் பூ, வருகிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் வணக்கம். கொரோனா வந்தது, விமானம் நின்றது, ஓட்டலை மூடினார்கள். ஒரு வருஷம் சும்மா இருந்தான். அதன் பிறகு யாரோ ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு சத்துப் பொடி. நீ நாலு பேரைச் சேர்த்துவிடு, அந்த நாலு பேர் பதினாறு பேரைச் சேர்க்கட்டும் என்கிற வியாபாரம். நாலு பேரைத் தேடி அவன் எங்கே போவான்? மாமன் வீட்டுக்குத்தான்.

இரண்டாம் வருஷ ஈஸ்டருக்கு வந்தான். அப்போது கொரோனா ஊசி நாட்டுக்குள் வந்துவிட்டது, எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. படகிலிருந்து ஆறு அட்டைப்பெட்டி இறங்கியது. ஒவ்வொன்றிலும் ஆரஞ்சு நிறத் தகர டப்பாக்கள். டப்பாமேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு கழுகு. பெட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு, இடுப்புச் சாரத்துக்குள்ளிருந்து ஒரு திமிங்கலப் பல்லை எடுத்தான். எங்கே கிடைத்ததோ! மாமன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, பல்லு சின்னது, பொறுத்துக்கணும். இந்தக் காய்ச்சல் வெளியூரெல்லாம் ஆளைத் தூக்குது. என் வீட்டு ஆளுங்களுக்கு நான் ஒரு காவல் கொண்டு வந்திருக்கேன். இந்தச் சத்துப் பொடிய நம்ம குடும்பத்து உடம்புக்குக் காவலா நீங்க ஏத்துக்கணும். அதுக்குத்தான் இந்தப் பல்லு."

பெதேலி கண்ணில் தண்ணீர். மருமகன் கேட்டு வரவில்லை, கொடுக்க வந்திருக்கிறான் என்று பெருமை. பல்லை இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்தான். நாங்கள் எல்லாரும் கை குவித்துத் தட்டினோம். முடிந்தது. போகும்போது, வேரை இடித்துக் கரைத்து நாங்கள் குடிக்கிற யங்கோனாச் செடியை, மாமன் நாலு வருஷம் வளர்த்த தோட்டம் முழுவதையும், வேரோடு பிடுங்கிக் கட்டிப் படகில் ஏற்றிக்கொண்டு போனான். மாமன் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தான்.

உலமிலா அன்றைக்கே மூக்குக் கண்ணாடியைப் போட்டு டப்பாவின் எழுத்தை வாசித்தாள். சமையல்கட்டுப் பின்பக்கம் மகனை நிறுத்திக் கேட்டாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"வைட்டமின் சி, வைட்டமின் டி, ஜிங்க், நோனிக்காய்ப் பொடி. இதாடா உன் காவல்?"

"ஆமா. ஏன், இதுல கெட்டது எதாவது இருக்கா, சொல்லும்மா."

"கெட்டது பொடில இல்லடா, உன் பேச்சுல இருக்கு. உடம்புல சத்துக் கொறஞ்சவனுக்கு இதக் குடுத்தா நல்லதுதான், நானே குடுப்பேன். நாம வெயில்ல நிக்கிறோம், மீன் திங்கிறோம், பப்பாளி மரத்தடில பழம் அழுகிக் கெடக்கு. நமக்கு எது கொறஞ்சிருக்கு? இது வந்து அந்தக் காய்ச்சல வாசல்ல நிறுத்தும்னு எந்த டாக்டர் சொன்னான்?"

"எங்க மீட்டிங்ல ஒரு டாக்டரே பேசினாரு."

"என்ன டாக்டர்?"

"கோட்டுப் போட்டிருந்தாரு."

"நீகூடத்தான் ஓட்டல்ல பூ வெச்சிருந்த. அதுக்காக நீ செடியா?"

நான் சிரித்துவிட்டேன். இசிகேலி என்னைப் பார்த்து, "பெரியப்பா, நீங்களாவது சொல்லுங்க" என்றான். நான் சொன்னேன், "விடு உலமிலா, பையன் ஆசையாக் கொண்டு வந்திருக்கான்." அதுதான் முதல் தப்பு. கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடந்ததை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான். குடும்பத்துக்கே காவல் என்றால் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கரைத்துக் குடிப்பது என்ன மரியாதை என்று பெதேலி யோசித்தான். பொடியை யங்கோனா கரைக்கிற மரத் தொட்டியிலேயே கொட்டச் சொன்னான். சாயங்காலம் ஆனால் பதினெட்டு வீட்டு ஆண்களும் வட்டமாக உட்காருவோம். தொட்டியில் யங்கோனா வேரின் சாறு, அதில் நாலு கரண்டி கழுகுப் பொடி. வெள்ளத் தண்ணி மாதிரி ஒரு நிறம். ஒரே தேங்காய்ச் சிரட்டை. ஒருத்தன் குடித்துக் கொடுப்பான், அடுத்தவன் வாங்குவான். மே மாதம் ரேடியோவில் நாள் முழுக்கக் கத்தினார்கள்: கூட்டம் கூடாதீர்கள், ஒரே சிரட்டையில் குடிக்காதீர்கள் என்று. பெதேலி சொன்னான், "அது காவல் இல்லாத ஊருக்கு." நாங்கள் தலையாட்டிக்கொண்டு குடித்தோம். என் தம்பி சகராயா ஒவ்வொரு முறையும் சிரட்டையை நக்கிவிட்டு, "எனக்கு மட்டும் கழுகு கொஞ்சம் கூடுதலாப் போடுங்கப்பா, எம் பொண்டாட்டி சண்டைக்கு வர்றா" என்பான். எல்லாரும் சிரிப்போம்.

ஜூனில் ஊசிப் படகு வந்தது. உலமிலா முதலில் போட்டுக்கொண்டாள். பெண்களை வரிசையில் நிறுத்தினாள். ஆண்களில் மற்றக் குடும்பத்தார் வந்தார்கள். பெதேலியின் பதினெட்டு வீட்டில் ஒருத்தன்கூட வரவில்லை. ஊசி பயமா என்றால் இல்லை. பெதேலி என்னிடம் சொன்னது இதுதான்:

"மச்சான், ஒரு வாசலுக்குக் காவலாள் வெச்சாச்சு. பல்லு வாங்கி வெச்சிருக்கேன். அவன் நிக்கும்போதே இன்னொருத்தனக் கூட்டிட்டு வந்து நிறுத்தினா, மொத ஆள நம்பலன்னுதானே அர்த்தம்? என் மருமகன் மொகத்துல நானே சேறு பூசவா?"

இதைப் புரிந்துகொள்ளுங்கள். அவன் பொடியை நம்பவில்லை. பல்லை நம்பினான்.

ஊசிப் படகு திரும்புவதற்குள் உலமிலா என்னைக் கூப்பிட்டாள்.

"மச்சான், நான் சொல்றத அப்படியே சொல்லணும். அந்தப் பொடி டப்பாவக் கடல்ல போடு. ஊசியப் போட்டுக்க. இல்லன்னா உன் வாசலுக்கு வரப்போறது பல்லு இல்ல, குழி வெட்டற மண்வெட்டி. பதினெட்டு வீட்டையும் சேத்து இழுத்துட்டுப் போறதுக்கு நீ என்ன தலைவன்? இப்படியே சொல்லு."

நான் போனேன். பத்தடி. பெதேலி சந்தோஷமாகத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சிரட்டையை நீட்டினான். வாங்கிக் குடித்தேன். பிறகு சொன்னேன்: "மாப்ள, உடம்பப் பாத்துக்கச் சொன்னா உன் தங்கச்சி."

அவ்வளவுதான் சொன்னேன். மண்வெட்டி என் வாயில் வரவில்லை. தங்கை அண்ணனை அப்படிச் சொன்னாள் என்று ஆண்கள் நடுவில் எப்படிச் சொல்வது என்று தோன்றியது. படகு போய்விட்டது. திரும்பி வந்து அவளிடம், "சொல்லிட்டேன்" என்றேன். அவள் நம்பினாள். நாற்பத்து நாலு வருஷமாக நம்பியவள்தானே!

ஜூலை இரண்டாம் வாரம் சகராயாவுக்குக் காய்ச்சல். அடுத்த நாலு நாளில் வட்டத்தில் உட்கார்ந்த பதினொரு பேருக்கு. எனக்கும்தான், மூன்று நாள் அனலாகக் கொதித்துவிட்டுப் போய்விட்டது. ஏன் என்னை விட்டதோ தெரியாது. சகராயாவை விடவில்லை. ஒரு விடியலில் எழுப்பப் போனால் ஆள் இல்லை. அறுபத்து மூன்று வயது. கூட்டம் கூடக்கூடாது என்று ஐந்து பேர் மட்டும் புதைத்தோம். அவனுக்கு ஒரு பல்கூட வைக்க முடியவில்லை.

சகராயாவைப் புதைத்த அன்றே பெதேலி படுத்தான். அவன் மனைவி மெரேயோனி நல்ல பெண், பாவம், அவளுக்குத் தெரிந்தது கரண்டிதான். இரண்டு கரண்டியை நாலாக்கினாள், நாலை எட்டாக்கினாள். வாயெல்லாம் தகரத்தை நக்கினதுபோல் இருக்கிறது என்று அவன் சாப்பாட்டைத் தள்ளினான். குடித்ததெல்லாம் வாந்தி. உலமிலா விரலில் கவ்வி ரத்தத்து ஆக்சிஜனைக் காட்டுகிற சின்னக் கருவியை என்னிடம் கொடுத்து அனுப்பினாள். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போகக்கூடாது என்றாள். நான் மாட்டிப் பார்த்தேன். எண்பத்தெட்டு.

"படகு," என்றாள் சுவருக்கு வெளியே இருந்து. "இப்பவே ஆஸ்பத்திரிக்கு."

உள்ளே அவன் தலையை ஆட்டினான். "பல்லு... வாங்கியாச்சு மச்சான்." அதற்குமேல் மூச்சு இல்லை பேச.

பல்லைக் கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொண்டால் வாக்கு அவிழும். உலமிலா பலாமரத்து மேட்டுக்கு ஓடினாள். அங்கேதான் போன் எடுக்கும். நானும் பின்னால் மூச்சு வாங்கப் போனேன். இசிகேலி நாந்தியில். சாலையெல்லாம் மறித்திருந்தார்கள், அவன் வரமுடியாது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு ஊர் கேட்கப் பேசினாள்.

"நீ வர வேணாம். ஒரு வார்த்த சொல்லு. பல்லத் திரும்ப எடுத்துக்கிறேன், மாமா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்னு சொல்லு. பெரியப்பா கேட்டுட்டு நிக்கிறாரு, போய்ச் சொல்லிடுவாரு."

"அம்மா, அது எப்படிம்மா? குடுத்த பல்ல... நாளைக்கு எல்லாரும் என்ன பேசுவாங்க? எனக்குக் கீழ முப்பது பேர் இருக்காங்கம்மா. மாமா குடிக்கிறாருன்னுதான் அவங்க குடிக்கிறாங்க. பயப்படாத. உடம்புல இருக்கற கழிவு வெளிய வர்ற நேரம் இப்படித்தான் இருக்கும். பத்துக் கரண்டியாக்கு."

உலமிலா போனை முகத்துக்கு நேரே பிடித்து அதைப் பார்த்தாள். "உன் மாமன் மூச்சுல நீ முப்பது பேர உக்கார வெச்சிருக்கியாடா?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் மேட்டிலிருந்து இறங்கினாள். எனக்கு அவனை அந்த நேரத்தில் கழுத்தைப் பிடித்து... சரி, விடுங்கள்.

நேரே வீட்டுக்குப் போய்ப் பாய்க்கு அடியிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். கண்டாவுக்காரர்கள் கொடுத்தனுப்பிய பல். இருபத்தைந்து வருஷமாகப் பிரிக்காதது. தன் சாவுக்கு வைத்திருந்தாள்.

"பல்லத்தான் கேப்பானா? இந்தா பல்லு. பழைய பல்லோட கட்ட அவுக்கணும்னு சொல்லி இத வெய்யி. பொம்பள நான் வெக்க முடியாது. நீ வெய்யி. சுருக்கா வெய்யி."

நல்ல வெயில், காலை பத்து மணி இருக்கும். நான் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் சுவருக்கு வெளியே. பல் வருகிறது என்றதும் பெதேலி என்ன செய்தான் தெரியுமா? எழுந்து உட்காரப் பார்த்தான். பல்லைப் படுத்துக்கொண்டு வாங்குவது மரியாதை இல்லை. மெரேயோனி முதுகைத் தாங்கினாள். அவன் காலை மடக்கிச் சம்மணம் போட்டான். உதடு கத்தரிக்காய் நிறம். மூச்சு ஒவ்வொன்றும் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதுபோல் வந்தது.

நான் தொடங்கினேன். எப்படித் தொடங்கினேன்? எங்கள் அப்பன் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடி. அவன் வீட்டு அஸ்திவாரத்தின் பேர், அவன் பாட்டனின் பேர், அந்தப் பாட்டன் வந்த படகின் பேர், அவர்கள் இறங்கிய பாறையின் பேர். இதில் ஒன்றைக் குறைத்தாலும் அவமானம். நான் ஒன்றையும் குறைக்கவில்லை. நேரம் கெட்ட நேரத்தில் என் ஞாபகசக்தி! அவன் குவித்த கையைத் தட்டப் பார்த்தான். சத்தம் வரவில்லை. இரண்டு இலை உரசினதுபோல் இருந்தது. நான் அப்போதும் மூன்றாம் தலைமுறையில்தான் இருந்தேன்.

அப்போது மேல்வாசல் வழியாக, தலைவன் மட்டும் நுழைகிற வாசல் வழியாக, உலமிலா உள்ளே வந்தாள். குனியவில்லை. நின்றாள். அண்ணன் தலைக்கு மேலே நின்றாள்.

"நிறுத்து மச்சான்! போதும் உன் பாட்டன் கதை!" பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "எந்திரி பெதேலி!"

பேரைச் சொன்னாள். மெரேயோனி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பல்லு மூச்சு விடுமா? நீ குடுத்த வாக்கு மூச்சு விடுமா? செத்தவன் வாக்கு யாருக்கு வேணும்? என் மகன் வந்து நீட்டினதும் வாங்கின, சரி. நான் என்னைக்காவது உங்கிட்ட ஒன்னு கேட்டிருக்கேனா? வீடு கேட்டனா? மரம் கேட்டனா? இப்பக் கேக்கறேன். எம் மொகத்தப் பாத்துச் சொல்லு, முடியாதுன்னு. பாருடா!"

அவன் பார்த்தான். நாற்பத்து நாலு வருஷத்தில் முதல்முறை. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிடரியில் ஒரு கை, கக்கத்தில் ஒரு கை. அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. "என்னத்த உக்காந்து பாக்கறீங்க, பிடிங்க காலை!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள். அந்தச் சத்தம் கடற்கரைவரை கேட்டது. அதைத்தான் ஊர் பேசுகிறது.

கருவி எழுபத்தொன்பது காட்டியது. படகில் இரண்டு மணி நேரம். அவள் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கண்ணை மூடினால் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். அதிர்ஷ்டம், கட்டிலும் ஆக்சிஜனும் இருந்தது. பத்தொன்பது நாள் கிடந்து திரும்பினான். பாதி ஆளாகத் திரும்பினான், ஆனால் திரும்பினான். வட்டத்தில் உட்கார்ந்தவர்களில் இன்னும் இரண்டு பேர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை.

இப்போது கேளுங்கள் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் யோக்கியதையை. டிசம்பரில் சாலை திறந்ததும் கூடினார்கள். எதற்கு? மூன்று பேர் எப்படிச் செத்தார்கள் என்று கேட்கவா? இல்லை. உலமிலா மேல்வாசலில் நுழைந்தாள், தலைவன் பேரைச் சொன்னாள், தலையைத் தொட்டாள், அதற்கு ஒரு பல் வைத்து மன்னிப்புக் கேட்கவேண்டுமாம். அவள், "சரி, கேக்கறேன்" என்றாள். அந்தக் கண்டாவுப் பல்லையே வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டு, பெண்கள் பக்கத்து வாசலருகே வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு நான் பேச்சை முடித்து அதைப் பெதேலி கையில் கொடுக்காததால் அது இன்னும் அவளுடையதுதான்.

மருமகனுக்கு உரிய இடத்தில் யார் உட்கார்ந்திருந்தான் தெரியுமா? இசிகேலி. பக்கத்தில் அட்டைப்பெட்டி. உலமிலாவின் பல்லை நான் எடுப்பதற்குள் அவன் முந்தினான். மடியிலிருந்து இன்னொரு பல்.

"மாமா, பொழச்சு வந்தீங்க, கடவுளுக்கு நன்றி. காய்ச்சல் வந்தவங்க நுரையீரலுக்குன்னே புதுசா ஒன்னு வந்திருக்கு. இது நீலக் கழுகு..."

நான் எழுந்தேவிட்டேன். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். பெதேலி அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். மருமகனிடம் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. அவன் அப்பனுக்கும் இருந்ததில்லை. நெஞ்சில் விசில் அடிக்கிறதுபோல் மூச்சு. பிறகு எல்லார் தலைக்கும் மேலாக வாசல் பக்கம் பார்த்தான்.

"உலமிலா," என்றான். "நீ சொல்லு."

தலைவன் தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். இனி எந்த மன்னிப்பை எவன் கேட்பது?

அவள் இருந்த இடத்திலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "பல்ல எடுத்து மடில வெய்யி," என்றாள் மகனிடம். "உன் மாமன் பழைய பல்லையும் தருவாரு, அதையும் வாங்கிக்க. பெட்டியத் தூக்கு. போற வழியில சகராயா குழி இருக்கு. அங்க நின்னு நுரையீரலுக்கு மருந்து கொண்டு வந்திருக்கேன்னு சொல்லிட்டுப் போ."

அவன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த ஊர்களில் விற்றான் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் யாருக்காவது மருமகனாக இருப்பான்.

அன்றைக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பழையபடி பேச்சில்லை. அவரவர் வீடு, நடுவில் பத்தடி, கோழி. எங்கள் தொட்டியின் அடிமரத்தில் இன்னும் ஆரஞ்சுக் கறை இருக்கிறது, எத்தனை மண் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதை உடைக்கச் சொன்னேன். வெட்கம் கெட்டவர்கள், அதிலேயே குடிக்கிறார்கள்.

நான் மட்டும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். நேற்று உலமிலா கூப்பிட்டாள். "மச்சான், அங்க போய்ச் சொல்லு. அந்தப் பாதி நுரையீரல வெச்சுக்கிட்டு மறுபடியும் சிகரெட்டுப் பத்த வெச்சா, படகுல ஏத்த மாட்டேன், பன்னிக் கொட்டாயில போட்டுப் பூட்டிடுவேன். மடப்பயல்."

போனேன். பெதேலி ஆண்கள் நடுவில் உட்கார்ந்திருந்தான். பன்றிக் கொட்டகையையும் சொன்னேன். மடப்பயலையும் சொன்னேன்.